பட்டுக்கூட்டுத் தோரணமும் மாலையும்: ஓராண்டு வீட்டில் வைத்திருந்த பின் ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, மாம்பழ வகைகளைப் பார்த்து முடித்து வெளியே வரும் வழியில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கடையில் நான்கு பொருள்களை வாங்கினேன். நான்கும் பட்டுக்கூட்டால் செய்யப்பட்டவை. நூலெடுக்க உதவாது என்று கழித்துப் போடப்பட்ட கூடுகளால் செய்யப்பட்டவை. வாசல் தோரணம் 450 ரூபாய், மாலை 300 ரூபாய், சாடியோடு சேர்ந்த பூங்கொத்து 550 ரூபாய், ஒரு ஜோடி ஜிமிக்கி 120 ரூபாய் என்று மொத்தம் 1,420 ரூபாய் ஆயிற்று. வீட்டுக்கு வந்த அன்றே எழுத உட்கார்ந்திருந்தால் நான்கையும் ஒரே மூச்சில் புகழ்ந்திருப்பேன். கைவினைப் பொருளைப் பற்றிக் கடையில் நின்று சொல்லும் கருத்துக்கும், அது ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் வீட்டில் கழித்த பிறகு சொல்லும் கருத்துக்கும் வேறுபாடு நிறைய இருக்கிறது. இப்போது கேட்டால் தோரணத்தையும் மாலையையும் மறுபடி வாங்குவேன். ஜிமிக்கியை விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம். பூங்கொத்தை எனக்கு யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

கூட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவள் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் அம்மா பல ஆண்டுகள் புழு வளர்த்தார். மல்பெரித் தழை வெட்டுவதும், மழைநாளில் ஈரத் தழையைத் துடைத்துப் போடுவதும், புழு முதிர்ந்து உடல் கண்ணாடிபோல ஆனதும் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டான சந்திரிகையில் விடுவதும் எங்கள் பள்ளி விடுமுறைகளின் வேலை. கூடு கட்டத் தொடங்கிய ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அறுவடை செய்து, வாசலில் பாய் விரித்துக் கொட்டித் தரம் பிரிப்போம். கையில் எடுத்து மெல்ல அழுத்தினால் உறுதியாக நிற்கிற கூடு ஒரு பக்கம் போகும். அமுங்குகிற மெல்லிய கூடு, உள்ளே புழு செத்துக் கறை பிடித்த கூடு, ஊசி ஈயின் புழு துளைத்து வெளியேறிய ஓட்டைக்கூடு, இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய பருத்த இரட்டைக்கூடு ஆகியவை மறுபக்கம் போகும். நல்ல கூடு தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில் உள்ள அரசு பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்குப் போய்விடும். கழிவு ஒரு சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கும்; யாராவது வந்து கேட்டால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவோம். கழித்துப் போட்ட கூட்டிலிருந்து ஒரு நாள் வாசல் தோரணம் வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா சிரித்திருப்பார்.

நல்ல கூட்டுக்கும் கழிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட்டுப் பொருள்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் குறை நிறை எல்லாம் அதில்தான் நிற்கின்றன. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒரே இழை சுற்றப்பட்டிருக்கிறது. நூற்பாளருக்கு வேண்டியது அந்த அறுபடாமை மட்டுமே. உள்ளே இருக்கும் புழு அந்துப்பூச்சியாக மாறித் துளைத்து வந்தாலும், கத்தி பட்டாலும் இழை நூற்றுக்கணக்கான துண்டுகளாகிவிடும். இரட்டைக்கூட்டில் இரண்டு இழைகள் பின்னிக்கொண்டுவிடும். ஆனால் கூட்டின் சுவர் அப்படியே இருக்கிறது, வெண்மை இருக்கிறது, இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் செரிசின் என்ற இயற்கைப் பசையும் இருக்கிறது. கூட்டுச் சுவரின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும் இந்தப் பசையைத்தான் பட்டு நெசவில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து நீக்குகிறார்கள். கைவினையில் நேர் மாறு. பசை போனால் கூடு பஞ்சாகிவிடும். பசை இருக்கும்வரைதான் அது கோப்பை போலவும் மணி போலவும் நிற்கும். நெசவுக்கு உதவாதது மட்டுமல்லாமல், நெசவாளர் வேண்டாம் என்று நீக்குவதும் சேர்ந்துதான் இந்தத் தொழிலின் மூலப்பொருள் என்பது எனக்கு அந்தக் குழுவினரைச் சந்தித்த பிறகே புரிந்தது.

தோரணத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றடி வாசலுக்கு அளவாக, ஒன்பது சரங்கள். ஒவ்வொரு சரத்திலும் கவிழ்த்த மணி போல ஐந்து கூடுகள். ஒவ்வொரு மணிக்கும் இடையில் ஒரு சிறு பாசி. மேற்பட்டையில் மட்டும், பச்சைச் சாயம் ஏற்றித் தட்டையாக்கிய கூட்டுத் துண்டுகளை மாவிலை வடிவில் வெட்டித் தைத்திருக்கிறார்கள். மற்றபடி எல்லாம் கூட்டின் சொந்த வெள்ளை. காலையில் கதவைத் திறந்தால் வெயில் அந்த மணிகளின் மெல்லிய சுவர் வழியே ஊடுருவி வரும். அந்த நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் புழு எட்டு வடிவில் தலையை ஆட்டி ஆட்டி இழை போட்ட தடம் மங்கலாகத் தெரியும். பிளாஸ்டிக் தோரணம் பத்து வைத்தாலும் இது கிடைக்காது.

இந்த மணிகள் எந்தக் கூட்டிலிருந்து வருகின்றன என்பதும் சுவையான செய்தி. விவசாயியின் கழிவுச் சாக்கிலிருந்து இவ்வளவு சுத்தமான வெள்ளைக் கூடு வராது. இவை முட்டை உற்பத்தி செய்யும் வித்தகங்களிலிருந்து வரும் வெட்டுக்கூடுகள். கலப்பின முட்டை வேண்டுமென்றால் ஓர் இனத்தின் பெண் அந்துப்பூச்சியை வேறோர் இனத்தின் ஆணோடு சேர்க்க வேண்டும். அந்துப்பூச்சி வெளியே வந்த பிறகு பிரிக்கப் பார்த்தால் அதற்குள் சொந்த இனத்தோடே கூடிவிடும். ஆகவே கூட்டின் ஒரு முனையைப் பிளேடால் சீவி, உள்ளேயிருக்கும் கூட்டுப்புழுவை எடுத்து, வயிற்றின் அடிப்பக்கக் குறியைப் பார்த்து ஆண், பெண் என்று பிரித்துவிடுகிறார்கள். எஞ்சுவது ஒரு கோப்பையும் ஒரு சிறு மூடியும். கறை இல்லை, நாற்றம் இல்லை, உள்ளே செத்த புழு இல்லை. அந்துப்பூச்சி தானாக வெளிவந்த துளைக்கூட்டில் வாய்ப்பகுதி நனைந்து பழுப்பேறி இருக்கும். அதை மணியாகத் தொங்கவிட்டால் விளிம்பு அழுக்குப் பிடித்தது போலத் தோன்றும். நான் வாங்கிய தோரணத்தில் நாற்பத்தைந்து மணிகளில் மூன்றில் மட்டும் அந்தப் பழுப்பு விளிம்பு இருந்தது. கடையில் கவனிக்கவில்லை, வீட்டில் கவனித்தேன். பெரிய குறை இல்லை என்றாலும் 450 ரூபாய் கொடுப்பவர் எண்ணிப் பார்க்கலாம்.

விளிம்பைப் பற்றி இன்னொன்று. கூட்டை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டினால் இழை பிசிறு கட்டும். அந்தப் பிசிறில் தூசி உட்கார்ந்தால் போகாது. இந்தத் தோரணத்தில் ஒவ்வொரு விளிம்பும் கூர்மையான கத்தரியால் வளைவு வளைவாக நறுக்கப்பட்டிருக்கிறது. ஓராண்டுத் தெருத்தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டியே சமாளித்துவிட்டேன். மாலை வெயில் நேராகப் படும் வலது பக்கச் சரங்கள் இரண்டும் சற்றே பாலேடு நிறத்துக்கு மாறியிருக்கின்றன. வெயில் பட்டால் பட்டு மஞ்சளிக்கும் என்பது பட்டுப்புடவை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஐப்பசி மழையில் சாரல் அடித்து நனைந்த மணிகள் காய்ந்தபின் சற்று விறைத்தன, வடிவம் கெடவில்லை.

தோரணம் பிடித்துப்போனதால், அட்டையில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசி, ஒரு சனிக்கிழமை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். இராயக்கோட்டைச் சாலையில் ஒரு கிராமம். ஓட்டு வீட்டுத் திண்ணைதான் பட்டறை. ஏழு பேர். அதில் நால்வர் வீட்டில் இன்றும் புழு வளர்ப்பு இருக்கிறது. எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டபோது பயிற்சியில் கற்றதாகச் சொன்னார்கள். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பட்டு வளர்ச்சித் துறையும் மத்திய பட்டு வாரியமும் இப்படிப்பட்ட பயிற்சிகளை நடத்துவதுண்டு. ஆனால் பயிற்சியில் கற்பிக்காத பலவற்றைத் திண்ணையிலேதான் கற்றிருக்கிறார்கள் என்பது அரைமணி நேரம் பேசியதும் தெரிந்தது.

சாயம் ஏற்றுவதைப் பார்த்தேன். பட்டு புரதத்தால் ஆனது. அதனால் அமிலச் சாயங்களை நன்றாகப் பிடிக்கும். அலுமினியச் சட்டியில் நீரைச் சூடாக்கி, சாயம் கரைத்து, ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, கூடுகளைப் போட்டு மரக்கரண்டியால் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கூடு காற்றடைத்த பந்து போல மிதந்துகொண்டே இருக்கும் என்பதால் அமுக்காவிட்டால் ஒரு பக்கம் வெளுத்துவிடும். நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. மூத்தவர் ஒருவர், “கொதிக்க விட்டா கஞ்சியில போட்ட அப்பளம் மாதிரி ஆயிடுங்க அக்கா” என்றார். செரிசின் கரைவதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்க முடியாது. நீரும் முக்கியமாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரில் போட்டால் நிறம் திட்டுத்திட்டாக விழுகிறது என்பதால், சாயத்துக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதற்காக வந்த திட்டம் அது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பற்களுக்காக வந்த நீர் பட்டுக்கும் பயன்படுகிறது.

பூ செய்வதற்கு வேறு நுட்பம். ஈரமான கூட்டின் சுவரை நகத்தால் கிள்ளி மெல்ல இழுத்தால் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிரியும். அந்தப் படலத்தை இதழாக நறுக்கி, காயும்போது விரலில் சுருட்டி வளைவு கொடுத்து, கம்பியில் மகரந்தத் தண்டு வைத்துக் கட்டுகிறார்கள். உள்ளடுக்கு கண்ணாடித்தாள் போல மெல்லியது, வெளியடுக்கு சொரசொரப்பானது. ஒரே பூவில் இரண்டையும் கலந்தால் உண்மை இதழின் உள்ளும் புறமும் போல இருக்கும். திண்ணையில் சாயமே இல்லாமல் இப்படிச் செய்த நந்தியாவட்டைப் பூ ஒன்று கிடந்தது. விலை கேட்டேன். “அது சும்மா செஞ்சு பார்த்ததுங்க அக்கா, வெள்ளைப் பூவை யாரும் வாங்க மாட்டாங்க” என்று சொல்லி எனக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று என் மேசையில் இருப்பவற்றில் மிகச் சிறந்தது அந்த விற்பனைக்கு வராத பூதான்.

வாங்கிய பூங்கொத்துக்கு வருகிறேன். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பன்னிரண்டு ரோஜாக்கள், அடர் இளஞ்சிவப்பு, ஒவ்வோர் இதழ் விளிம்பிலும் தங்கநிறத் துகள், நடுவில் பிளாஸ்டிக் முத்து, காம்பில் பச்சை ரிப்பன், ஒட்டுவதற்குச் சூட்டுப்பசைத் துப்பாக்கி. அருகில் போய்த் தொட்டுப் பார்த்தாலொழிய இது பட்டுக்கூடு என்று யாருக்கும் தெரியாது. வந்த உறவினர் ஒருவர், “இந்தப் பிளாஸ்டிக் பூ எங்க வாங்கினே” என்று கேட்டார். பேருந்து நிலையத்துக் கடைகளில் தொங்கும் நெகிழிப் பூங்கொத்து இதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, அதைப் போலவே தோன்றும் ஒன்றை 550 ரூபாய்க்கு வாங்கும்படி ஒருவரிடம் எதைக் காட்டிக் கேட்பது? உழைப்பு குறைவு என்று சொல்லவில்லை. தோரணத்தைவிட மும்மடங்கு உழைப்பு இதில் இருக்கிறது. அந்த உழைப்பு முழுவதும் கூட்டை மறைப்பதற்கே செலவாகியிருக்கிறது என்பதுதான் என் குறை.

பயன்பாட்டிலும் அது தேறவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரையை ஒட்டிய மாடி அறையில் வைத்திருந்தபோது சூட்டுப்பசை இளகி இரண்டு ரோஜாக்கள் காம்பை விட்டுத் தலை சாய்ந்தன. வீடு துடைக்கும்போது தெறித்த நீர் பட்டு, இளஞ்சிவப்பு கசிந்து கீழிருந்த வெள்ளை விரிப்பில் இறங்கியது. சாயம் ஏற்றியபின் குளிர்ந்த நீரில் தெளிவாகும்வரை அலசியிருந்தால் இது நேர்ந்திராது. அன்று சாயச் சட்டியைப் பார்த்தபோது தோரண மாவிலைகளை நான்கு முறை அலசினார்கள், பூங்கொத்து இதழ்களை ஒரே முறை அலசினார்கள். ஏன் என்று கேட்டபோது, பண்டிகைக் கால ஆர்டர், நேரம் போதவில்லை என்றார்கள். நியாயமான பதில்தான், என் விரிப்புக்கு அது உதவவில்லை.

ஜிமிக்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீவிய சிறு மூடிகளைக் கவிழ்த்து, விளிம்பில் பாசி கோத்திருக்கிறார்கள். காதில் எடையே தெரியவில்லை. கல்லூரி போகும் என் தங்கை மகள் ஆறு மாதம் அணிந்தாள்; வியர்வையும் தலையெண்ணெயும் பட்டு மேற்பகுதி கறுத்த பிறகு கழற்றி வைத்துவிட்டாள். 120 ரூபாய்க்கு ஆறு மாதம் என்பது போதும் என்று அவள் சொல்கிறாள். போதாது என்று நான் நினைக்கிறேன்.

மாலைதான் நான்கிலும் எளிமையானது. முழுக்கூடுகளின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, இரட்டை நூலில் கோத்து, ஐந்து கூட்டுக்கு ஒரு மரமணி வைத்து, கீழே இரட்டைக்கூடுகளால் ஒரு குஞ்சம் கட்டியிருக்கிறார்கள். பட்டு வளர்ப்புத் தொடர்பான விழாக்களில் விருந்தினருக்குப் பட்டுக்கூட்டு மாலை போடும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதனால் வடிவம் புதிதில்லை. புதிதாக இருந்தது அதன் எடை. எண்பது கூடுகள் கொண்ட அந்த மாலையைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 48 கிராம். ரோஜாவும் சம்பங்கியும் நீர் சொட்டச் சொட்டக் கட்டிய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் உடன் பணியாற்றிய ஒருவரின் பணிநிறைவு விழாவில் இதைப் போட்டோம். மற்ற மாலைகளை அவர் போட்ட உடனே கழற்றி நாற்காலியில் வைத்தார். இதை விழா முடியும்வரை கழற்றவில்லை. இப்போது அவர் வீட்டில் அது அவருடைய தந்தையின் படத்தில் இருக்கிறது. படத்துக்குப் போடும் சந்தன மாலைக்கும் மரச்சீவல் மாலைக்கும் இது நல்ல மாற்று. ஒரு குறை மட்டும் உண்டு: கழுத்தின் பின்பக்கம் வரும் முடிச்சில் நைலான் நூலின் முனையைத் தீயால் சுட்டு முடித்திருக்கிறார்கள். அது உறுத்துகிறது. இரண்டு அங்குலம் துணிப்பட்டை தைத்தால் தீர்ந்துவிடும்.

முழுக்கூடு என்று எழுதும்போது எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும். இது எனக்கு முன்பு வேறோர் இடத்தில், வேறு ஒருவரிடம் வாங்கிய பொருளில் கிடைத்த பாடம். கூட்டால் செய்த ஆந்தை பொம்மை ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். நான்காம் மாதம் அலமாரியைத் திறந்தால் கருவாட்டு வாடை. ஆந்தையின் அடியில் பழுப்புத் தூள். தூளில் சிறு கறுப்பு வண்டுகள். உள்ளே காய்ந்த கூட்டுப்புழுவை எடுக்காமலே பொம்மை செய்திருக்கிறார்கள். காய்ந்த கூட்டுப்புழு என்றால் கோழித்தீவனத்துக்கே போகிற அளவு புரதமும் எண்ணெயும் நிறைந்தது, வண்டு விடுமா? அதைத் தின்று முடித்துவிட்டு அருகில் மடித்து வைத்திருந்த கம்பளிச் சால்வையிலும் கை வைத்திருந்தது. ஆகவே முழுக்கூட்டுப் பொருள் எதை வாங்கினாலும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் புழு உள்ளேதான் இருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள். நான் வாங்கிய மாலையில் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் சிறு கீறல் போட்டு, புழுவை எடுத்து, அந்தக் கீறலை நூலாலேயே மூடியிருந்தார்கள். சத்தம் இல்லை. இருந்தாலும் எடுத்து வைக்கும் பெட்டியில் ஓர் அந்துருண்டையைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன்; கூட்டின் மேல் நேராகப் படும்படி வைக்கவில்லை.

விலையைப் பற்றி. கண்காட்சியில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், “கழிவில் செய்ததுதானே, இருநூறுக்குக் கொடுங்க” என்று தோரணத்துக்குப் பேரம் பேசினார். இந்த வாதம் எல்லாக் கடைகளிலும் கேட்பதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. புழு நீக்கிய காய்ந்த வெண்பட்டுக் கூட்டுச் சுவர் ஒன்றின் எடை அரைக் கிராமுக்கும் குறைவு; 0.4 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 2,500 கூடுகள் இருக்கும். தோரணத்துக்கு நாற்பத்தைந்து மணிகள் போனால் ஒரு கிலோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தோரணங்கள் செய்யலாம். ஆக, கூடு கழிவு விலைக்கு வந்தாலும் ஏல விலைக்கு வந்தாலும் ஒரு தோரணத்தில் அது சில ரூபாய் வேறுபாடுதான். பாசியும் நூலும் சாயமும் அடுப்பும் கூடுதலாக ஆகின்றன. மிச்சம் முழுவதும் கைக்கூலி. ஒரு தோரணத்துக்கு இருவர் அரைநாள் உட்கார வேண்டும் என்றார்கள். செலவு போக, கண்காட்சிக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணமும் போக, 450 ரூபாயில் ஒருவர் கைக்கு வருவதைக் கணக்கிட்டால் எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. பூங்கொத்துக்கு மும்மடங்கு உழைப்பு, நூறு ரூபாய்தான் கூடுதல் விலை என்பதையும் அவர்களிடம் சொன்னேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை ஒவ்வொரு பொருளுக்கும் ஆன நேரத்தை யாரும் எழுதி வைத்ததில்லை.

அதைவிட வியப்பு, கழிவு என்று நாம் நினைப்பது அவர்களுக்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. வெட்டுக்கூட்டையும் துளைக்கூட்டையும் சீவிப் பஞ்சாக்கி இழை முறுக்கும் ஆலைகள் வாங்குகின்றன; மூட்டை மூட்டையாக எடுப்பவருக்குத்தான் விற்பவர் முன்னுரிமை கொடுப்பார். ஐந்து கிலோ, பத்து கிலோ கேட்டுப் போகும் குழுவுக்கு நல்ல வெள்ளை கிடைக்கும் மாதமும் உண்டு, பழுப்பு மட்டுமே கிடைக்கும் மாதமும் உண்டு. என் தோரணத்தின் மூன்று பழுப்பு மணிகள் அப்படி ஒரு மாதத்தில் வந்தவையாக இருக்கலாம். முன்பெல்லாம் எங்கள் வீட்டில் விளைந்த மஞ்சள் கலப்பினக் கூடு கிடைக்குமா என்று கேட்டேன். சாயமே தேவைப்படாத பொன்மஞ்சள் அது. இப்போது தமிழ்நாட்டில் பெரும்பகுதி வெண்பட்டு வளர்ப்புக்கு மாறிவிட்டதால் மஞ்சள் கூட்டைக் கண்ணில் காண்பதே அரிது என்றார்கள். கிடைத்தாலும் அந்த மஞ்சள் பசையோடு ஒட்டிய நிறம். வெந்நீரில் இறங்கிவிடும், வெயிலிலும் வெளுக்கும். அப்படியே காயவைத்து அப்படியே கோத்தால்தான் உண்டு.

விற்கும் முறையில் அவர்கள் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. தோரணத்தைப் பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்கள். வீடு வருவதற்குள் இரண்டு மணிகள் நசுங்கின. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் காட்டி, உள்ளே விரலை விட்டு நானே நிமிர்த்தினேன். பசை இளகிப் பழைய வடிவுக்கு வந்துவிட்டது. இந்த வித்தையை அவர்களே ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுத்திருக்கலாம். நீரில் கழுவக் கூடாது, நேர் வெயில் ஆகாது, தூரிகையால் தட்டுக, அந்துருண்டை வைக்க என்று நான்கு வரி போதும். இது எந்தக் கூடு, எங்கிருந்து வந்தது என்பதையும் அதில் சேர்த்தால், இருநூறுக்குக் கேட்பவர் கொஞ்சம் யோசிப்பார். ஒகேனக்கலுக்கு ஆண்டு முழுவதும் வெளியூர் மக்கள் வருகிறார்கள். நான் போன மூன்று முறையும் அங்கே உள்ள கடைகளில் சங்கும் பாசியும் பிளாஸ்டிக்கும் இருந்தன, எங்கள் மாவட்டத்துக் கூடு என் கண்ணில் படவில்லை. கண்காட்சி நடக்கும் சில வாரங்களை மட்டும் நம்பியிருப்பது அந்த ஏழு பேருக்கும் போதாது. கைப்பேசியில் படம் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் படத்தில் பளிச்சென்று தெரிவது இளஞ்சிவப்பு ரோஜாதான், வெள்ளை மணி தெரிவதில்லை. அதனாலேயே ஆர்டரும் ரோஜாவுக்கு வருகிறது. தோரணத்தைச் சுவரில் மாட்டிப் படமெடுக்காமல் வெயில் வரும் வாசலில் மாட்டி எடுக்கச் சொன்னேன்.

தை மாதத்தில் என் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. இரண்டு தோரணங்களும் நான்கு மாலைகளும் சொல்லியிருக்கிறேன்: தோரணத்தின் மாவிலை தவிர வேறெதிலும் சாயம் கூடாது, துகள் கூடாது, மணிகளுக்கு வெட்டுக்கூடு மட்டும், மாலையின் பின்கழுத்தில் துணிப்பட்டை, அட்டைப் பெட்டியில் வர வேண்டும். தோரணத்துக்கு அவர்கள் 450 என்றார்கள். நான் 600 தருகிறேன் என்றேன். பெட்டிக்குத் தனியாகப் பணம் வாங்குவதா என்று அவர்களுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது.